குவிக்ஸாட்டிக், பாங்லாஸியன், மிக்காபரிஷ்: கதாபாத்திரம் பெயரடையாவது எப்படி?

ஆங்கிலத் தலையங்கம் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் 'குவிக்ஸாட்டிக்' என்ற சொல்லில் ஒருமுறையாவது இடறியிருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் 'நடைமுறைக்கு ஒவ்வாத' என்று ஒரு வரி கிடைக்கும். அதோடு திருப்திப்பட்டுக்கொண்டு மேலே போய்விடுவோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 'பெயர்களிலிருந்து பிறந்த சொற்கள்' என்று ஒரு பட்டியல் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கும். அதில் குவிக்ஸாட்டிக், காஃப்கயெஸ்க், ஹெர்குலியன், ஆர்வெல்லியன், லில்லிபுட்டியன், மாக்கியவெல்லியன் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை வார்த்தையில் பொருள். 'பாங்லாஸியன்' என்றால் நம்பிக்கை மிகுந்த. 'பாலியானாயிஷ்' என்றாலும் நம்பிக்கை மிகுந்த. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் எதற்கு என்று பட்டியல் போட்டவரும் கேட்கவில்லை, மனப்பாடம் செய்பவரும் கேட்பதில்லை.

இந்தச் சொற்கள் எதுவும் ஒரு கதாபாத்திரத்தை முழுதாகச் சுமப்பதில்லை. பாத்திரத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டைத்தான் சுமக்கின்றன. எந்தத் துண்டு என்று தெரிந்துவிட்டால் சொல் பிடிபட்டுவிடும். சில நேரம் அந்தத் துண்டு தவறான இடத்தில் வெட்டப்பட்டிருக்கும், அதையும் பார்ப்போம்.

முதலில் நம் கும்பகர்ணன்

காலை பத்து மணிவரை எழுந்திருக்காத பையனை 'சரியான கும்பகர்ணன்' என்கிறோம். கேட்பவர் யாரும் 'எந்தக் கும்பகர்ணன், ராவணன் தம்பியா?' என்று திருப்பிக் கேட்பதில்லை. ராமாயணத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் அது புரிகிறது. பெயர் அந்த ஆளைக் குறிப்பதை விட்டுவிட்டு, அந்த ஆளின் ஒரு பழக்கத்தைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது.

கம்பனிடம் போய்ப் பார்த்தால் அவன் வெறும் தூங்குமூஞ்சி அல்ல. சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. தோற்கப்போவது தெரிந்தே களத்துக்குப் போகிறான். இந்தப் பக்கம் வந்துவிடு என்று விபீஷணன் வந்து கூப்பிட்டும், வளர்த்தவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். பேச்சுத் தமிழ் இந்த விசுவாசத்தைத் தொடவே இல்லை. தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் நடப்பதும் இதே வேலைதான். நாம் பெயரை அப்படியே முன்னால் வைத்துக் 'கும்பகர்ணத் தூக்கம்', 'பகீரதப் பிரயத்தனம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் பெயரின் கடைசியில் ஒரு விகுதியை ஒட்டிப் புதுச் சொல்லே செய்துவிடுகிறது. அப்படிச் செய்த சொல் பெயரடை, அதாவது 'நல்ல பையன்' என்பதில் 'நல்ல' மாதிரி, ஒரு பெயருக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல். யாருடைய பெயரிலிருந்து சொல் பிறந்ததோ அவரை 'எப்பொனிம்' என்பார்கள். பெயர் கொடுத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கலைச்சொற்கள் போதும்.

யார் உள்ளே, யார் வெளியே

அந்தக் கைபேசிப் பட்டியலைக் கொஞ்சம் பிரித்துப் போடுவோம். காஃப்காவும் ஆர்வெல்லும் எழுத்தாளர்கள். மாக்கியவெல்லி ஃபிளாரன்ஸ் நகரத்தில் அரசுப் பணியில் இருந்த உண்மையான மனிதர். ஹெர்குலிஸ் புராண வீரன். யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய பாத்திரம் அல்ல. லில்லிபுட், ஜானதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில் வரும் ஊர். ஆறு அங்குல மனிதர்கள் வாழும் தீவு அது. ஆக, லில்லிபுட்டியன் என்ற சொல்லுக்கு எப்பொனிம் ஆளே கிடையாது, இடம்தான். வரிசையாகச் சொன்ன அந்த ஆறு சொற்களில் மிஞ்சுவது குவிக்ஸாட்டிக் மட்டும்.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை இல்லை. எழுத்தாளர் பெயரில் பிறந்த சொல் பெரும்பாலும் ஒரு சூழலைச் சொல்கிறது. கதாபாத்திரத்தின் பெயரில் பிறந்த சொல் ஒரு நடத்தையைச் சொல்கிறது. சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'டிக்கன்ஸியன்' என்றால் புகை படிந்த லண்டன், இடிந்த குடியிருப்பு, பசித்த குழந்தைகள். அவர் படைத்த மிக்காபர் பெயரில் வந்த 'மிக்காபரிஷ்' என்பதோ ஒரு மனிதர் பணத்தையும் எதிர்காலத்தையும் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பற்றியது. காரணம் சொல்லாமல் ஆளை அலைக்கழிக்கும் ஓர் அலுவலகம் காஃப்கயெஸ்க் ஆக இருக்கலாம். காஃப்காவின் 'விசாரணை' நாவலில் மாட்டிக்கொண்டு தவிக்கும் யோசஃப் கே. பெயரில் ஒரு பெயரடையும் பிறக்கவில்லை. அங்கே மனதில் நின்றது ஆள் அல்ல, ஆளைச் சுற்றியிருந்த காற்று.

ஃபாஸ்ட் மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறார். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அந்தப் பெயரில் ஊர் சுற்றிய மந்திரவாதி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். சாத்தானிடம் ஆன்மாவை விற்றவராக அவரைக் காட்டும் கதைப் புத்தகம் 1587இல் அச்சானது. பிறகு ஆங்கில நாடகாசிரியர் மார்லோ, ஜெர்மன் கவிஞர் கெதே என்று பெரிய கைகளில் போய்ச் சேர்ந்தார். இன்று 'ஃபாஸ்டியன்' என்று எழுதுகிறவர் மனதில் இருப்பது கதையில் வரும் ஃபாஸ்ட்தான் என்பதால் அவரையும் உள்ளே விட்டுவிடலாம்.

விகுதியிலும் ஒரு தொனி உண்டு

பெயருக்குப் பின்னால் எந்த விகுதி ஒட்டுகிறது என்பது ஓரளவு ஓசையைப் பொறுத்தது, ஓரளவு மரியாதையைப் பொறுத்தது. லத்தீன் வழியில் வந்த 'இயன்' நடுநிலையானது, கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டது: பாங்லாஸியன், பிக்விக்கியன், ஃபால்ஸ்டாஃபியன். பிரெஞ்சு வழியாக வந்த 'எஸ்க்' ஒரு பாணியைச் சொல்லும். 'இஷ்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அதில் பல நேரம் லேசான இளக்காரம் ஒட்டியிருக்கும். பெரியவர் ஒருவரை 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை உள்ளம் கொண்டவர் என்ற பாராட்டு. 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம். பாலியானாயிஷ், மிக்காபரிஷ் இரண்டுக்கும் அந்த வால் வாய்த்தது பொருத்தம்தான்.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். கதைப் பாத்திரத்தின் ஒரு குணம் வெட்டியெடுக்கப்படுகிறது. பெயரோடு விகுதி சேர்கிறது. புத்தகம் படிக்காதவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கும்போது அது சொல்லாகிறது. இனி ஆட்களைப் பார்ப்போம்.

டான் கிஹோத்தே: பாதி கேலி, பாதி வணக்கம்

ஸ்பெயினில் செர்வாண்டிஸ் எழுதிய டான் கிஹோத்தேயின் முதல் பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வந்தன. வீரசாகசக் கதைகளை இரவு பகலாகப் படித்து மூளை குழம்பிப்போன ஒரு கிராமத்துக் கனவான், துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமான குதிரையில் ஏறி, உலகத்தில் அநீதியை ஒழிக்கப் புறப்படுகிறார். காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்ந்து தூக்கியெறியப்படும் காட்சி எல்லாருக்கும் தெரியும்.

காற்றாலையை மட்டும் வைத்துப் பார்த்தால் குவிக்ஸாட்டிக் என்றால் கிறுக்குத்தனம் என்று தோன்றிவிடும். எனக்கு அதைவிட உதவிய காட்சி ஒன்று உண்டு. ஒரு பண்ணையார் தன்னிடம் வேலை செய்யும் சிறுவனை மரத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருக்கிறார். கிஹோத்தே தலையிட்டு, பையனை விடு, கூலியைக் கொடு என்று ஆணையிடுகிறார். பண்ணையார் சரி என்று தலையாட்டுகிறார். நீதி நிலைநாட்டப்பட்டது என்று நம் வீரர் பெருமிதத்தோடு குதிரையைத் தட்டிவிடுகிறார். அவர் கண்ணுக்கு மறைந்ததும் பையனுக்கு முன்னைவிடப் பலமான அடி. வெகுநாள் கழித்து அந்தப் பையன் அவரை வழியில் சந்திக்கிறான். இனிமேல் என்னை யாராவது துண்டு துண்டாக வெட்டுவதைப் பார்த்தால்கூட உதவிக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறான்.

சொல்லின் முழுப் பொருளும் இங்கே இருக்கிறது. நோக்கம் உயர்ந்தது, தன்னலமற்றது. வழி நடப்புக்கு ஒத்துவராதது. இரண்டும் சேர்ந்தால்தான் குவிக்ஸாட்டிக். டெபாசிட் போகும் என்று தெரிந்தும் ஒரு கொள்கைக்காகத் தேர்தலில் நிற்பவரின் போட்டி குவிக்ஸாட்டிக். போஸ்டரில் முகம் வரவேண்டும் என்பதற்காகவே நிற்பவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. அங்கே லட்சியம் இல்லை. குடிபோதையில் மின்கம்பத்தோடு சண்டை போடுபவருக்கும் பொருந்தாது.

இந்தச் சொல்லில் கேலியும் மரியாதையும் கலந்திருப்பதற்கு வாசகர்களும் ஒரு காரணம். ஆரம்ப காலத்தில் கிஹோத்தே விழுந்து விழுந்து சிரிப்பதற்கான ஆள். 19ஆம் நூற்றாண்டு வாக்கில், முக்கியமாக ஜெர்மன் ரொமான்டிக் எழுத்தாளர்கள், அவரிடம் ஒரு சோக வீரனைக் கண்டார்கள். பாத்திரம் மாறவில்லை, பார்த்த கண் மாறியது. சொல் இரண்டு பார்வையையும் சேர்த்து வைத்துக்கொண்டது. எழுதுகிறவர் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்பது வாக்கியத்தின் மீதிப் பகுதியைப் படித்தால்தான் தெரியும்.

உச்சரிப்பில் ஏன் இவ்வளவு குழப்பம் என்று கேட்பார்கள். செர்வாண்டிஸ் காலத்து ஸ்பானிய மொழியில் எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஓசை இருந்தது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'கிஷோத்' என்கிறார்கள். பின்னர் ஸ்பானிய மொழியில் அந்த ஓசை தொண்டையில் உரசும் 'ஹ' ஆக மாறியது, எழுத்தும் மாறியது. ஆங்கிலேயர்கள் பழைய எழுத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் வழக்கப்படி 'க்ஸ்' என்று படித்தார்கள். ஆக, ஆளைச் சொல்லும்போது கிஹோத்தே, பெயரடையைச் சொல்லும்போது குவிக்ஸாட்டிக். இரண்டும் சரி.

மூன்று நம்பிக்கைவாதிகள், மூன்று வேறு நோய்கள்

பட்டியல்கள் அதிகம் சொதப்புவது இந்த இடத்தில்தான். பாங்லாஸ், பாலியானா, மிக்காபர் மூவருக்கும் 'அளவுக்கு மீறிய நம்பிக்கை' என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக்கூட விஷயம் இருக்காது.

பாங்லாஸ் ஒரு தத்துவ ஆசிரியர். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759இல் வெளியிட்ட 'கான்டீட்' கதையில் வருகிறவர். இருக்கக்கூடிய உலகங்களிலேயே இதுதான் சிறந்தது, எனவே இங்கே நடப்பதெல்லாம் நன்மைக்கே என்பது அவர் பாடம். ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸின் கருத்தைக் கேலி செய்யவே வால்டேர் இவரைப் படைத்தார். பின்னணியில் ஓர் உண்மையான பேரழிவு இருக்கிறது. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. புனிதர்கள் திருநாள் என்பதால் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த நேரம். இதுவும் நன்மைக்கே என்று எவராவது சொல்ல முடியுமா என்பதுதான் வால்டேரின் கோபம்.

பாங்லாஸ் சொல்வார். மூக்கு இருப்பது கண்ணாடி போடுவதற்காக. அதனால்தான் நம்மிடம் கண்ணாடி இருக்கிறது என்பது அவர் தர்க்கம். லிஸ்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் உடைந்து, தங்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றிய நல்ல மனிதர் தண்ணீரில் விழுகிறார். கான்டீட் குதித்துக் காப்பாற்றப் போகிறான். பாங்லாஸ் அவனைத் தடுத்து, இந்த மனிதர் மூழ்குவதற்காகவே இந்தக் கடல் உண்டானது என்று நிரூபிக்க ஆரம்பிக்கிறார். நிரூபித்து முடிவதற்குள் அந்த நல்ல மனிதர் மூழ்கிவிடுகிறார். கதையின் கடைசியில், ஒரு கண்ணையும் ஒரு காதையும் இழந்து, தூக்கில் தொங்கிப் பிழைத்து வந்த பாங்லாஸ் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: வாழ்க்கை முழுக்கக் கொடுமையாகத்தான் கழிந்தது, ஆனால் எல்லாம் நன்மைக்கே என்று ஒருமுறை சொல்லிவிட்டதால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நம்பவில்லை.

ஆக, பாங்லாஸியன் என்பது மனநிலை அல்ல, வாதம். கண்ணெதிரே தீமை நடக்கும்போது அதற்கு ஒரு நல்ல காரணத்தைத் தயாரித்துக் கொடுக்கும் அறிவாளித்தனம். இந்தப் பொருளைச் சரியாகப் பிடித்தவர்கள் ஸ்டீபன் ஜே கூல்ட், ரிச்சர்ட் லெவான்டின் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள். உயிரினத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஒரு பயனுக்காகவே பரிணாமம் அடைந்தது என்று அடித்துச் சொல்லும் போக்கை 1979இல் ஒரு கட்டுரையில் விமர்சித்தார்கள். அந்தப் போக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாங்லாஸியன் சிந்தனை முறை'. மூக்கும் கண்ணாடியும் ஞாபகம் இருந்தால் அந்தக் கிண்டல் எவ்வளவு கச்சிதம் என்று புரியும்.

பாலியானா பதினொரு வயதுச் சிறுமி. எலினார் போர்ட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1913இல் எழுதிய கதை. அப்பா ஏழைப் பாதிரியார். தர்மப் பெட்டியில் பொம்மை வரும் என்று காத்திருந்த குழந்தைக்கு வந்தது ஊன்றுகோல். அழுத மகளிடம் அப்பா சொல்கிறார்: நமக்கு இது தேவைப்படவில்லை என்பதற்காகச் சந்தோஷப்படலாமே. அப்படி ஆரம்பிக்கிறது 'மகிழ்ச்சி விளையாட்டு'. இங்கே தத்துவமும் இல்லை, தர்க்கமும் இல்லை. எதிலும் ஒரு நல்லதைத் தேடிப் பிடிக்கும் குணம், அவ்வளவுதான். உளவியலிலும் 'பாலியானா கோட்பாடு' என்று ஒன்று உண்டு. மனித மனம் கெட்டதைவிட நல்லதை எளிதாகக் கவனித்து நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற கருத்து அது. ஒருவரைப் பாலியானாயிஷ் என்று சொன்னால், கெட்டதைப் பார்க்க மறுக்கும் வெள்ளந்தி என்று பொருள். பாங்லாஸியன் என்று சொன்னால் இருக்கும் கடுமை இதில் கிடையாது.

மூன்றாமவர் மிக்காபர், டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' (1849–50) நாவலில். கடனில் மூழ்கியவர். கடன்காரர்கள் கதவைத் தட்டும்போதும், சிறைக்குப் போகும்போதும், ஏதாவது ஒன்று தானாக வந்து வாய்க்கும் என்று காத்திருப்பவர். வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆண்டு வருமானம் 20 பவுண்டு, செலவு அதில் ஆறு பென்ஸ் குறைவு என்றால் மகிழ்ச்சி. ஆறு பென்ஸ் அதிகம் என்றால் துயரம் என்று டேவிட்டுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். எடுத்த கையோடு சின்னப் பையனிடமே ஒரு ஷில்லிங் கடன் வாங்கிக்கொள்கிறார். டிக்கன்ஸின் தந்தை ஜான் இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. 1824இல் கடனுக்காக அவர் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது 12 வயதாக இருந்த டிக்கன்ஸ், காலணி மை தயாரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனார். மிக்காபரை வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது; அந்தச் சிரிப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நினைத்தால்தான் ஆச்சரியம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்: பாங்லாஸியன் நடந்து முடிந்ததை நியாயப்படுத்துகிறது, பாலியானாயிஷ் இப்போது இருப்பதில் இனிப்பைத் தேடுகிறது, மிக்காபரிஷ் நாளைக்கு எதுவோ வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஏரி வற்றிவிட்டது என்று வையுங்கள். வற்றியதால்தான் கிரிக்கெட் ஆட இடம் கிடைத்தது, அதற்காகவே வற்றியது என்று அறிக்கை விடுவது முதல் வகை. ஆழத்தில் இருந்த பழைய மண்டபமாவது தெரிகிறதே என்று மகிழ்வது இரண்டாவது. தூர் வாராமல் அடுத்த ஆண்டு மழை வரும் பார் என்பது மூன்றாவது.

கதையின் முடிவு சொல்லுக்கு வேண்டாம்

பாலியானா கதையில் பிற்பகுதியில் அவள் மோட்டார் வண்டியில் அடிபட்டு நடக்க முடியாமல் கிடக்கிறாள். அப்போது அவளால் அந்த விளையாட்டை ஆடவே முடியவில்லை. கெட்டதையே காணாத குழந்தை அல்ல அவள். மிக்காபர் கடைசியில் ஆஸ்திரேலியா போய் உழைத்து மாஜிஸ்திரேட்டாக ஆகிவிடுகிறார். அதாவது, ஏதோ ஒன்று நிஜமாகவே வந்து வாய்த்தது! இந்த வரிசையில் பெரிய அநியாயம் ஸ்க்ரூஜுக்கு. டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையின் முழு நோக்கமும் அந்தக் கஞ்சன் ஓர் இரவில் மனம் மாறுகிறான் என்பதுதான். ஆனால் இன்றும் 'ஸ்க்ரூஜ்' என்றால் கஞ்சன். கெதேயின் ஃபாஸ்ட் முடிவில் மீட்சி அடைகிறார். ஃபாஸ்டியன் ஒப்பந்தம் என்று எழுதுபவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. உடனடி லாபத்துக்காக விலைமதிப்பற்ற ஒன்றை அடகு வைக்கும் முதல் காட்சியோடு அவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

காரணம் எளிது. சொல்லுக்குத் தேவை, ஒரு பார்வையில் அடையாளம் தெரியும் நிலை. மனமாற்றம் என்பது நகர்வு. நகர்வைப் பெயரடைக்குள் அடைப்பது கஷ்டம்.

சில நேரம் சொல் புத்தகத்துக்கு நேர் எதிராகவே போய்விடும். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 1852ஆம் ஆண்டு நாவலில் கறுப்பின அடிமையான அங்கிள் டாம், தப்பியோடிய இரண்டு பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடித்துக் கொல்லப்படுகிறார். அவர் பெயரோ வெள்ளையருக்குக் குழையும் கறுப்பரைக் குறிக்கும் வசைச்சொல். நாவலைத் திரித்து ஊர் ஊராகப் போட்ட மேடை நாடகங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. புத்தகத்தைவிட நாடகத்தைப் பார்த்தவர்கள் அதிகம். எந்தத் துண்டு வெட்டப்படும் என்பதை எழுத்தாளர் முடிவு செய்வதில்லை.

ஆள் மாறிப்போன கதை

'பிக்விக்கியன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டுக்கும் தொடர்பே இல்லை. டிக்கன்ஸின் பிக்விக் நாவல் (1836–37) முதல் அத்தியாயத்தில் ஒரு சங்கக் கூட்டம். உறுப்பினர் ஒருவர் பிக்விக்கைப் பித்தலாட்டக்காரர் என்று சொல்லிவிடுகிறார். அமளி. வழக்கமான பொருளில் சொன்னீர்களா என்று தலைவர் கேட்கிறார். இல்லை இல்லை, பிக்விக்கியன் பொருளில் சொன்னேன் என்று அவர் சமாளிக்க, எல்லாரும் சமாதானமாகிவிடுகிறார்கள். பாராளுமன்றத்தில் திட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வழக்கத்துக்கு விழுந்த குட்டு இது. இந்தப் பெயரடை பிறந்தது கதைக்குள்ளேயே. வாசகர்கள் உருவாக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இன்னொன்று மருத்துவம். மிகப் பருத்த உடலால் மூச்சு போதாமல், பகலெல்லாம் தூங்கி விழும் நோய்நிலைக்கு 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய நோயாளி ஒருவர் சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா கையில் இருக்கும்போதே தூங்கிப்போனவர். கை நிறைய ஜெயிப்புச் சீட்டு, ஆள் குறட்டை. சரி, ஆனால் நாவலில் நின்றபடியே தூங்குவது பிக்விக் அல்ல. வார்டில் என்ற கனவானின் வேலைக்காரப் பையன் ஜோ. பெயர் தலைப்புக்கு உரியவர் மேல் ஒட்டிக்கொண்டது, பாவம். இப்போது மருத்துவர்கள் உடல் பருமனையும் மூச்சுக் குறைவையும் நேராகச் சொல்லும் வேறு பெயருக்கு மாறிவிட்டார்கள்.

ஃபிராங்கன்ஸ்டைன் கதையும் இதேதான். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் அது விஞ்ஞானியின் பெயர். அவன் உருவாக்கிய உயிருக்குப் பெயரே கிடையாது.

எந்தப் பெயர் சொல்லாகும்?

ஹாம்லெட் ஆங்கில இலக்கியத்தின் மிகப் பிரபலமான பாத்திரம். ஆனால் அவன் பெயரில் எல்லாரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் பெயரடை வேரூன்றவில்லை. தயங்குபவனா, துக்கப்படுபவனா, நடிப்பவனா, பழிவாங்குபவனா? வெட்டியெடுக்க ஒரு துண்டு போதவில்லை. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டையானவை, உருண்டையானவை என்று இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடியது தட்டைப் பாத்திரம். அதற்கு அவர் காட்டிய உதாரணமே, கணவரை ஒருநாளும் கைவிடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் மிக்காபரின் மனைவி. பெயரடைகள் பெரும்பாலும் தட்டைப் பாத்திரங்களிடமிருந்தே விளைகின்றன. கிஹோத்தே விதிவிலக்கு. அவர் உருண்டையானவர், அதனால்தான் அந்தச் சொல்லும் ஓரிடத்தில் நிற்காமல் உருள்கிறது.

ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் இன்னொரு விதத்தில் சுவாரசியம். பெருத்த வயிறு, குடி, வாய்ச்சவடால், எல்லாரையும் சிரிக்கவைக்கும் நாக்கு: இதுதான் ஃபால்ஸ்டாஃபியன். முதலில் ஷேக்ஸ்பியர் அவருக்கு வைத்த பெயர் ஓல்ட்காசில். அது சமய நம்பிக்கைக்காக உயிர்விட்ட ஓர் உண்மையான மனிதரின் பெயர். அவர் வழிவந்த செல்வாக்கான குடும்பத்தின் எதிர்ப்பால் பெயர் மாறியது. நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தின் முடிவுரையில், ஓல்ட்காசில் தியாகியாக இறந்தார், இவர் அவர் அல்ல என்று ஒரு விளக்கமே இருக்கிறது. அந்தக் குடும்பம் சும்மா இருந்திருந்தால் ஒரு தியாகியின் பெயர் இன்று தொந்திக்குப் பெயரடையாக இருந்திருக்கும்.

எழுதும்போது

ஒரு சொல் தன் பாத்திரத்தை எவ்வளவு மறந்துவிட்டது என்று பார்க்க ஆங்கில எழுத்துக்கூட்டலே உதவும். 'கார்கான்சுவன்' சின்ன எழுத்தில்தான் தொடங்கும். பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 1534இல் எழுதிய அரக்கன் கார்கான்டுவா தாயின் இடது காது வழியாகப் பிறந்தவன்; குழந்தையாக இருந்தபோது அவனுக்குப் பால் கொடுக்க 17,913 பசுக்கள் தேவைப்பட்டன. அந்தக் கூத்தெல்லாம் கரைந்துபோய், இன்று அந்தச் சொல்லுக்கு 'மிகப் பெரிய' என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பட்ஜெட் பற்றாக்குறைக்கும் போடலாம், பரோட்டாவுக்கும் போடலாம். குவிக்ஸாட்டிக்கும் சின்ன எழுத்துக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் பின்னால் அந்தக் குதிரைக்காரர் இன்னும் தெரிகிறார். பாங்லாஸியன், பிக்விக்கியன், மிக்காபரிஷ், ஃபாஸ்டியன் எல்லாம் இன்னும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. வாசகருக்குக் கதை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கின்றன.

அதனால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லை எடுக்கும்போது, அந்தப் பாத்திரம் என்ன செய்தது என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் 'ஆப்டிமிஸ்டிக்' என்றே எழுதிவிடலாம், தப்பில்லை. பிரிவு உபசார விழாவில் மேலதிகாரியின் தளராத நம்பிக்கையைப் பாராட்டப் போய் பாங்லாஸியன் என்று போட்டுவிட்டால், கான்டீட் படித்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார். அது அந்த மேலதிகாரியாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.